வேலை விண்ணப்பத்தை நம்பும்படி எழுதுவது: விளம்பரம் படிப்பதிலிருந்து பதில் வரும்வரை

வேலைக்கு விண்ணப்பிக்க உட்காருகிறவர்களில் பலர் முதலில் செய்வது, நெட்டிலிருந்து ஒரு ரெஸ்யூம் டெம்ப்ளேட்டை இறக்கி அதில் தன் பெயரைப் போடுவது. அன்றைக்கே அதை இருபது கம்பெனிகளுக்கு அனுப்பிவிட்டு, ஏன் பதிலே வரவில்லை என்று கேட்பார்கள். வந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலை தெரிந்தவர்கள்தான் அதில் நிறையப் பேர். ஆனால் தெரியும் என்பதை எதிரில் இருப்பவர் நம்புகிற மாதிரி எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இந்த வழிகாட்டியில் ரெஸ்யூம் ஆறாவது படியாக வருகிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் ரெஸ்யூமைத் தொட்டால், எழுத ஒன்றும் இல்லாமல் ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாகச் செயல்படுபவர்’ என்று நிரப்ப வேண்டியிருக்கும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே ஆளைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். பி.காம். முடித்து, திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் இரண்டு வருடம் கணக்குப் பார்த்து வருபவர். கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு முயல்கிறார். ஆளும் அவர் எண்களும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் துறை எதுவானாலும் படிகள் இவைதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விளம்பரத்தின் முழு ஸ்க்ரீன்ஷாட். நேர்முகத்துக்குக் கூப்பிடும் சமயத்தில் பல விளம்பரங்கள் தளத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். அப்போது என்ன கேட்டிருந்தார்கள் என்று பார்க்க வேறு வழி இருக்காது.

பழைய வேலைகளின் ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இவற்றில் இருப்பதுபோலவே எழுத வேண்டும். பி.எஃப். பிடித்த வேலையாக இருந்தால் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணின் கீழ் அந்தத் தேதிகள் பதிவாகியிருக்கும். சரிபார்ப்பில் ஒரு மாதம் முன்பின் வந்தால்கூட, நீங்கள் எழுதிய மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

அப்புறம் ஒரு நோட்டு. இரண்டாவது படிக்கு அது கட்டாயம் வேண்டும்.

1. விளம்பரத்தில் இருக்கும் கவலையைப் படியுங்கள்

ஒரு நிறுவனம் ஆள் தேடுகிறது என்றால் அங்கே ஏதோ ஒரு வேலை நின்றுபோயிருக்கிறது, அல்லது நின்றுவிடும் என்ற பயம் இருக்கிறது. நம்பவைக்கும் எழுத்து அந்தப் பயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் படிப்பவர் உங்கள் கதையைத் தேடவில்லை, தன் சிக்கலுக்கு ஆள் தேடுகிறார்.

நம் எடுத்துக்காட்டின் விளம்பரம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 2 முதல் 4 வருட அனுபவம், டேலி பிரைம் (கணக்கு மென்பொருள்), ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்), டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி), பேங்க் ரிகன்சிலியேஷன் (வங்கிக் கணக்கை நம் கணக்கோடு ஒப்பிடுவது), ஆடிட்டருடன் ஒருங்கிணைப்பு, உடனடியாகச் சேரக்கூடியவர்.

இதைத் திறமைகளின் பட்டியலாகப் படித்தால் எல்லாவற்றுக்கும் ‘தெரியும்’ என்று டிக் அடிக்கத் தோன்றும். கவலையாகப் படித்தால் வேறு ஒன்று தெரியும். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். பிடித்த டி.டி.எஸ்.ஸை 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. ‘உடனடியாக’ என்று போட்டிருக்கிறார்கள் என்றால் முன்பு பார்த்தவர் அநேகமாகப் போய்விட்டார், அல்லது போகப் போகிறார். ஆக, அந்த மேலாளரின் கவலை: அடுத்த 20-ஆம் தேதியை யார் பார்த்துக்கொள்வார்கள்?

விளம்பரத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ‘இது சரியாக நடக்காவிட்டால் அங்கே யாருக்கு என்ன ஆகும்?’ என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் தெரியாத வரிகள் இருந்தால் அந்தத் துறையில் இருக்கும் ஒரு அண்ணனிடமோ அக்காவிடமோ கேளுங்கள். கேட்டபடியே எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் சொல்லும் சொற்கள்தான் மேலாளர் வாயிலும் வரும் சொற்கள்.

இன்னொன்று: உங்கள் விண்ணப்பத்தை ஒருவர் மட்டும் படிப்பதில்லை. முதலில் எச்.ஆர்., விளம்பரத்தில் உள்ள சொற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். அவரைத் தாண்டினால் அக்கவுண்ட்ஸ் மேலாளர், நிஜமாகவே செய்தீர்களா என்று பார்ப்பார். முன்னவருக்குச் சொற்கள் வேண்டும், பின்னவருக்குச் சான்று வேண்டும்.

2. சான்றுகளைத் தோண்டி எடுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் பிடிப்பது இது. பிடிக்கட்டும். மற்றவை எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடப்பக்கம் அவர்களின் கவலை, வலப்பக்கம் அதை நீங்கள் ஏற்கெனவே சமாளித்த நிகழ்வு. ‘நான் அப்படிப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே’ என்பதுதான் இந்த இடத்தில் எல்லாரும் சொல்வது. அன்றாட வேலை அன்றாடம் நடப்பதால் அது சாதனையாகத் தோன்றுவதில்லை. அதனால் சாதனையைத் தேடாதீர்கள். ஒரு மாதத்தை நாள் நாளாக நினைத்துப் பாருங்கள்.

நம் திருப்பூர்க்காரர் முதலில் ‘ஜி.எஸ்.டி. வேலை பார்த்தேன்’ என்று மட்டும்தான் எழுதுவார். 14-ஆம் தேதி காலையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அன்று ஜி.எஸ்.டி. போர்ட்டலில் 2பி வரும், அதாவது சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியல். அதை இறக்கி, டேலியில் ஏற்றிய கொள்முதல் பில்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவார். நூல்காரர் கொடுத்த இரண்டு பில் 2பி-யில் இருக்காது. அவர் தன் ரிட்டர்னில் காட்டியிருக்க மாட்டார். சாயப்பட்டறைக்காரர் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டிருப்பார். அவர்களைப் போனில் பிடித்துத் திருத்தச் சொல்ல வேண்டும். 2பி-யில் வராத பில்லின் உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வதை) இந்த மாதம் எடுக்க முடியாது, அவர்கள் திருத்தாவிட்டால் அடுத்த மாதமும் எடுக்க முடியாது, முதலாளி கையிலிருந்து பணம் போகும். 14-க்கும் 20-க்கும் நடுவில் இத்தனையும் முடிய வேண்டும். மேலாளரின் கவலை என்று முதல் படியில் எழுதியதற்குப் பதில் இதோ இங்கேயே இருக்கிறது. ‘ஜி.எஸ்.டி. வேலை பார்த்தேன்’ என்ற வரி அதை மூடி வைத்திருந்தது.

இப்படித் தோண்ட உதவும் கேள்விகள்: ஒரு நாளைக்கு, ஒரு மாதத்துக்கு எத்தனை? எந்தத் தேதிக்குள்? தவறினால் யார் கேள்வி கேட்பார்கள்? நான் லீவு போட்டால் எது நின்றுபோகும்? நான் சேர்ந்தபோது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? இவற்றில் ‘லீவு போட்டால்’ என்ற கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். உங்கள் பொறுப்பு எது என்பதை அது நேராகக் காட்டிக்கொடுக்கும்.

படிப்பு முடித்து வருகிறவர்களுக்கும் சான்று உண்டு. மாமா கடையில் பார்த்த பில்லிங், கல்லூரி விழாவுக்கு வசூலித்த பணத்தின் வரவு செலவு, ஆடிட்டர் அலுவலகத்தில் விடுமுறையில் செய்த வவுச்சர் பதிவு, எல்லாம் எழுதத் தகுந்தவை. ‘சிறிய இடம்’ என்று மறைக்க வேண்டியதில்லை. என்ன செய்தீர்கள் என்பது தெளிவாக இருந்தால் போதும்.

ஒரு கண்டிப்பான விதி: எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் சொல்ல முடியாத எண்ணை எழுதாதீர்கள். ‘செயல்திறனை 40 சதவீதம் கூட்டினேன்’ என்று இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் நிறைய இருக்கும். மேலாளர் ‘எதை வைத்து நாற்பது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் நேர்முகம் அங்கேயே முடிந்துவிடும். ‘மாதம் சுமார் 300 பில்’ என்பது அடக்கமான எண், ஆனால் யார் கேட்டாலும் விளக்க முடிந்த எண்.

3. ஒரே ஒரு வாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நோட்டில் இப்போது பத்துப் பன்னிரண்டு சான்றுகள் இருக்கும். எல்லாவற்றையும் கடிதத்தில் கொட்டத் தோன்றும். செய்யாதீர்கள். நிறையச் சொன்னால் ஒன்றும் நினைவில் நிற்காது.

‘இவரை எடுத்தால் ________ பற்றி நான் கவலைப்பட வேண்டாம்’ என்று அந்த மேலாளர் சொல்வதாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். நம் ஆளுக்கு அது: ‘மாதக் கடைசி கணக்கும் ரிட்டர்ன் தேதிகளும் பற்றி நான் கவலைப்பட வேண்டாம்.’ இதைத் தாங்கும் இரண்டு மூன்று சான்றுகள் மட்டும் கடிதத்துக்கு. மீதி ரெஸ்யூமுக்கும் நேர்முகத்துக்கும்.

4. மெயிலை எழுதுங்கள், முதலில் தமிழில்

அனுப்பப்போவது ஆங்கிலத்தில்தான் என்றாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் தொடங்கினால் கை தானாகவே பழைய வாய்பாட்டுக்குப் போகும்: ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் மூலம் தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் காலியிடம் இருப்பதாக அறிந்தேன்’ என்று. அந்த வரியை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதனால் அதைப் படிப்பவர் எதையும் தெரிந்துகொள்வதில்லை. தமிழில் எழுதும்போது சொல்ல விஷயம் இருந்தால்தான் வாக்கியம் வரும். விஷயம் தெளிவான பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

வரைவு இப்படி இருக்கலாம்:

பொருள்: அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் – டேலி, ஜி.எஸ்.டி. 2 வருடம் – 15 நாளில் சேரலாம்

வணக்கம்.

ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் பேங்க் ரிகன்சிலியேஷனையும் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று உங்கள் விளம்பரத்தில் பார்த்தேன். திருப்பூரில் ஒரு பனியன் தயாரிப்பு நிறுவனத்தில் இரண்டு வருடமாக இந்த இரண்டும் என் பொறுப்பு.

மாதம் சுமார் 300 கொள்முதல் பில்களை டேலியில் ஏற்றி, 2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றுக்கு சப்ளையர்களிடம் பேசித் திருத்தி வாங்குவேன். இந்த இரண்டு வருடத்தில் 3பி ஒரு மாதம்கூட 20-ஆம் தேதியைத் தாண்டியதில்லை. மூன்று வங்கிக் கணக்குகளை வாரந்தோறும் ஒப்பிட்டு முடிப்பேன்.

டி.டி.எஸ்.ஸில் கணக்கிடுவதும் 7-ஆம் தேதிக்குள் கட்டுவதும் செய்திருக்கிறேன். காலாண்டு ரிட்டர்னை ஆடிட்டர் அலுவலகம் தாக்கல் செய்தது. அதற்கான விவரங்களை நான் தயாரித்துக் கொடுத்தேன்.

நோட்டீஸ் பீரியட் 15 நாள். இந்த வாரம் மாலை 5 மணிக்கு மேல் பத்து நிமிடம் போனில் பேச வசதிப்படுமா? ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பகுதியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். பொருள் வரியில் வேலையின் பெயர் முதலில் வருகிறது, ஏனென்றால் எச்.ஆர். ஒரே சமயத்தில் பல வேலைகளுக்கு ஆள் எடுப்பார். போன் திரையில் வரி பாதியில் வெட்டப்பட்டாலும் அது தெரிய வேண்டும்.

முதல் பத்தியில் பாதி அவர்களைப் பற்றியது. தன் விளம்பரத்தை ஒருவர் படித்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று தெரிந்தாலே படிப்பவர் அடுத்த வரிக்குப் போவார். கல்லூரிப் பெயர், பிறந்த ஊர் எல்லாம் ரெஸ்யூமில் இருக்கின்றன.

டி.டி.எஸ். பத்தியைக் கவனியுங்கள். தான் எதுவரை செய்தார், எங்கே நிறுத்தினார் என்று எல்லையைச் சொல்லியிருக்கிறார். புதியவர்கள் இதை எழுதப் பயப்படுகிறார்கள். ஆனால் செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்கிறவர், செய்ததாகச் சொல்வதை நம்பலாம் என்றுதான் அனுபவமுள்ள மேலாளர் நினைப்பார். அந்த ஒரு வரி மற்ற வரிகளுக்கும் சேர்த்து வலு கொடுக்கிறது.

கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை, அதுவும் சின்னது. ‘தங்கள் சாதகமான பதிலை எதிர்நோக்கி’ என்று முடித்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. பத்து நிமிடம் போன் பேச்சுக்குச் சம்மதிப்பது அவருக்கும் எளிது.

கெஞ்சல் வேண்டாம். ‘ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தால் என்னை நிரூபிப்பேன்’, ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ போன்ற வரிகள் மனதிலிருந்து வருபவைதான், அந்தக் கஷ்டமும் உண்மைதான். ஆனால் அவை உங்கள் வேலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. படிப்பவரைச் சங்கடத்தில் தள்ளிவிடுகின்றன.

5. வரப்போகும் ஆட்சேபத்துக்கு முன்பே பதில் வையுங்கள்

ஒரு வருட இடைவெளி, ஆறு மாதத்தில் விட்ட வேலை, துறை மாற்றம், அரியர் வைத்து முடித்த பட்டம். இவற்றில் எது இருந்தாலும் படிப்பவர் கண்ணில் படும். நீங்கள் விளக்காவிட்டால் அவரே ஒரு விளக்கத்தை ஊகித்துக்கொள்வார், அது உங்களுக்கு நல்லதாக இருக்காது.

இடம் முக்கியம்: சான்றுக்குப் பிறகு, கோரிக்கைக்கு முன். முதல் வரியிலேயே இடைவெளியைப் பற்றிப் பேசினால் கடிதம் முழுவதும் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். நீளம் ஒரு வாக்கியம்: ‘அப்பாவின் சிகிச்சைக்காக 2023-இல் எட்டு மாதம் வேலையில் இல்லை, அந்தச் சூழல் முடிந்துவிட்டது.’ போட்டித் தேர்வுக்குப் படித்த வருடங்களையும் இதேபோல் நேராகச் சொல்லலாம். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்ததை மறைத்துவிட்டுப் பிறகு தடுமாறுகிறவர்கள் நிறைய. ஆனால் அங்கே ஒரு கூடுதல் கவலை உண்டு, ‘தேர்வில் பாஸானால் போய்விடுவாரோ’ என்று. இனி எழுதப்போவதில்லை என்பது உண்மையானால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படிப்பவருக்கு இல்லாத சந்தேகத்தை நீங்களாகக் கிளப்பாதீர்கள். பழைய முதலாளியோடு வந்த மனத்தாங்கலுக்குக் கடிதத்தில் இடமே இல்லை.

6. இப்போது ரெஸ்யூம்

நோட்டும் கடிதமும் தயாரானால் ரெஸ்யூம் சீக்கிரம் முடிந்துவிடும். முதல் பக்கத்தின் மேல் பாதியில் மூன்றாவது படியின் வாதம் தெரிய வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேயே முடிவு செய்துவிடுவார்கள். ‘சவாலான பணியில் என் திறமையை வளர்த்துக்கொள்ள’ என்று தொடங்கும் ஆப்ஜெக்டிவ் வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்ன வேலை, எத்தனை வருடம், எதில் பொறுப்பு என்று இரண்டு வரி போடுங்கள்.

தந்தை பெயர், திருமண நிலை, மதம், பொழுதுபோக்கு, கடைசியில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழி, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். தனியார் வேலைக்கு இவை தேவையில்லை. அரசு விண்ணப்பம் என்றால் அவர்கள் படிவம் கேட்பதை அப்படியே தர வேண்டும். அது வேறு கணக்கு.

ஒவ்வொரு வரியும் நீங்கள் செய்ததில் தொடங்கட்டும். ‘பொறுப்புகள்: ரிகன்சிலியேஷன்’ என்பது அந்த நாற்காலியின் வேலையைச் சொல்கிறது. ‘மூன்று வங்கிக் கணக்குகளை வாரந்தோறும் ஒப்பிட்டேன்’ என்பது உங்களைச் சொல்கிறது.

விளம்பரம் ‘பேங்க் ரிகன்சிலியேஷன்’ என்றால் நீங்களும் முழுதாக அப்படியே எழுதுங்கள், ‘பி.ஆர்.எஸ்.’ என்று சுருக்கி மட்டும் விடாதீர்கள். எச்.ஆர். தேடுவதும், மென்பொருள் வடிகட்டுவதும் அந்தச் சொல்லை வைத்துத்தான். பக்கத்தை இரண்டாகப் பிரித்த அமைப்பு, அட்டவணை, நட்சத்திரக் குறியீட்டில் திறமை மதிப்பெண் போன்ற அலங்காரங்களைச் சில மென்பொருள்கள் சரியாகப் படிப்பதில்லை. பக்கத்தைப் பிரிக்காத அமைப்பு, சாதாரண எழுத்துரு, பி.டி.எஃப். கோப்புப் பெயரில் உங்கள் பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும். ‘ரெஸ்யூம் ஃபைனல் நியூ 2’ என்று வந்தால் அவர் கணினியில் அதைத் திரும்பத் தேட முடியாது.

நௌக்ரி, லிங்க்ட்இன் பக்கங்களின் தலைப்பு வரியிலும் இதே வாதத்தை வையுங்கள். ‘நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்’ என்று மட்டும் போட்டால் என்ன வேலைக்கு என்றே தெரியாது. தேதிகள் ரெஸ்யூமோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

7. அனுப்பும்போது நடக்கும் பிழைகள்

முப்பது கம்பெனி முகவரிகளை ஒரே மெயிலில் வரிசையாகப் போட்டு அனுப்புவது மிக மோசமான பிழை. யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்தது, கடிதத்தில் வேறு கம்பெனியின் பெயர் அப்படியே இருப்பது. ரெஸ்யூமை இணைக்க மறப்பதும் தினமும் நடப்பதுதான். கடைசி இரண்டுக்கும் ஒரே தீர்வு: முதலில் உங்களுக்கே அனுப்பி, போனில் திறந்து, இணைப்பையும் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் அவர்களுக்கு அனுப்புங்கள்.

சிறு நிறுவனங்கள் வாட்ஸ்அப்பில் கேட்பது இப்போது சாதாரணம். ‘ஹாய் சார்’ என்று போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். பெயர், எந்த வேலைக்கு, உங்கள் வலுவான சான்று ஒன்று, எப்போது சேரலாம், இவ்வளவையும் ஒரே செய்தியில் எழுதி அதோடு பி.டி.எஃப். அனுப்புங்கள்.

தெரிந்தவர் மூலம் போகிறீர்கள் என்றால் அவர் பெயரை முதல் வரியிலேயே சொல்லலாம், அவரிடம் கேட்டுவிட்டு. ‘பதிவுக் கட்டணம்’, ‘பயிற்சிக் கட்டணம்’ என்று யாராவது பணம் கேட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். வேலை கொடுப்பவர் பணம் வாங்க மாட்டார்.

8. பின்தொடர்வதும் திருத்துவதும்

ஒரு வாரம் கழித்து, பழைய மெயிலிலேயே ‘ரிப்ளை’ அழுத்தி ஒரு நினைவூட்டல். புதிதாக மெயில் தொடங்கினால் அவர் பழையதைத் தேட வேண்டியிருக்கும். ‘என் விண்ணப்பம் என்ன ஆனது?’ என்று கேட்பதைவிட, நோட்டில் மிச்சமிருக்கும் சான்றில் ஒன்றைச் சேர்த்து, கோரிக்கையைத் திரும்ப வையுங்கள். 11, 20 தேதிகளை ஒட்டி அக்கவுண்ட்ஸ் மேலாளருக்கு எழுதாதீர்கள். உங்களுக்கே தெரியும் அன்று அங்கே என்ன நடக்கும் என்று. இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

எங்கே, என்று, எந்தப் பொருள் வரியோடு, எந்த வாதத்தோடு அனுப்பினீர்கள் என்று ஒரு எக்செல் தாளில் குறித்து வாருங்கள். பல இடங்களிலிருந்தும் அழைப்பே வரவில்லை என்றால் பொருள் வரியையும் முதல் பத்தியையும் மாற்றிப் பாருங்கள், அல்லது நீங்கள் தேர்ந்தெடுக்கும் விளம்பரங்கள் உங்கள் அனுபவத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எச்.ஆர். அழைத்து மேலாளரிடம் நின்றுபோகிறது என்றால் எழுத்தில் குறை இல்லை. இரண்டாவது படியின் நோட்டை எடுத்து, ஒவ்வொரு சான்றையும் ஒரு நண்பரிடம் வாய்விட்டு இரண்டு நிமிடம் விளக்கிப் பழகுங்கள். சம்பளப் பேச்சில் நிற்கிறது என்றால் அடுத்த முறை முதல் போன் பேச்சிலேயே இப்போதைய சம்பளத்தையும் எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கத்துக்கும் நேரம் மிச்சம்.